கல்கத்தாவிலிருந்து மூன்று நாள்

சிங்கப்பூரில் விமானம் ஏறிய என் மகள் மறுநாளே லண்டனில் இறங்கிவிட்டாள். ஆனாலும் அவளுடைய கடிதத்தை வீட்டில் வேறு யாரையும் நான் பிரிக்க விடுவதில்லை. "நான் படிச்சுச் சொன்னா ஆகாதா?" என்று கணவர் கேலி செய்வார். ஆகாது.

அந்தக் காலத்து மலாயாவில், குளுவாங்குக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். அக்காவைத் திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அக்காவின் கடிதம் வந்தால், நாற்காலியில் அமர்ந்து அப்பாதான் படித்துச் சொல்வார். எல்லாக் கடிதங்களிலும் அக்கா நலமாகவே இருந்தாள். பிறகு அவை அவருடைய தகரப் பெட்டிக்குள் போய்விடும்.

எனக்கு அப்போது எட்டு வயது. சிங்கப்பூரில் வேலையாயிருந்த மாமா, புதிதாக வந்த விமானத் தபாலைத் தாமே ஓட்டுவதுபோலப் பேசுவார். "கல்கத்தாவுல ஏத்துனா மூணே நாளு, சிங்கப்பூருக்கு வந்துரும். கப்பலா? அது ஆமைலா!" பள்ளிக்கூடத்து வரைபடத்தில் நூல் வைத்து அளந்து பார்த்தேன். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அக்கா அவ்வளவு பக்கத்தில் இருந்தாள்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் விமானக் கடிதத்தின் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. தந்திக்குக் காசு செலவழிக்க மனம் வராத மாப்பிள்ளை வீட்டார் அக்காவின் சாவுச் செய்தியை விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். காய்ச்சலாம். வழக்கப்படி அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகினோம்.

ஐந்தாம் நாள் தபால்காரர் என் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அக்காவின் கையெழுத்து. செத்தவள் எப்படி எழுதுவாள்?

"அம்மா, அக்கா சாகல! கடுதாசி போட்டிருக்கா!"

என் கூச்சல் கேட்டு ஆபீசிலிருந்து அப்பா ஓடிவந்தார். உறையைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"கப்பல்ல வந்திருக்கு. சாகறதுக்கு முந்தி போட்டது. இப்படிக் குடு, நான் படிக்கிறேன்."

நீட்டிய கையை அம்மா விலக்கினாள். "வேணாம். நீ படிடி."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். "அப்பா, இது நான்காவது கடிதம். முன்பு எழுதிய மூன்றுக்கும் பொறுத்துப் போ என்றே பதில் போட்டீர்கள். இனி அடி தாங்க முடியாது. அம்மாவிடம் சொல்லுங்கள். வந்து என்னை அழைத்துப் போங்கள்."

ஓரிடத்திலும் நான் தடுமாறவில்லை. யாராவது மெச்சுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"ஏரோப்பிளேன்ல போட்டிருந்தா நேரத்துக்கு வந்திருக்கும். நான் போயிருப்பேன்" என்றார் அப்பா, மிகவும் மெதுவாக.

அம்மா அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், தகரப் பெட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

"மத்ததையும் படி."

அவற்றைத்தான் அப்பா முன்பே படித்துக் காட்டிவிட்டாரே, மறுபடியும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அன்று முழுவதும் நான் கப்பலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.