மிச்சம் பிடிக்கிற மிசின்

லா சப்பலிலை பலசரக்குக் கடையிலை நிக்கிற கலைமாறன், ஞாயிற்றுக்கிழமையெண்டா வேறை ஆள். சுடுற கிளப்புக்குப் போய், காதை மூடிக்கொண்டு, கடதாசி வட்டத்துக்கு நடுவிலை கைத்துப்பாக்கியாலை சுடுவார். லிசன்ஸ் எல்லாம் ஒழுங்கு. எண்டாலும் திங்கட்கிழமை கடைக்குள்ளை காலை வைச்சாப் போதும், வேலை செய்யிற பெடியள் கறிவேப்பிலைக் கட்டோடை கையைத் தூக்கிப்போடுவாங்கள். "ஐயோ அண்ணை, சுட்டுப்போடாதேங்கோ!"

துப்பாக்கி ரவை விக்கிற விலைக்கு, சுட்ட வெறுங்கோதைப் பொறுக்கி வந்து, திரும்ப வெடிமருந்தும் சன்னமும் போட்டு அமத்திற கைமிசின் ஒண்டு வாங்கினார். "பாதிக்குப் பாதி மிச்சம், ரஞ்சி" எண்டு மனிசி சிவரஞ்சினிக்குச் சொல்லித்தான் வாங்கினது.

அதுக்குப் பிறகு பியர்ஃபித்திலை இருக்கிற வீட்டுச் சின்னறைதான் அவற்றை சொர்க்கம். பிடியை மெல்ல இழுத்தா ஒரு கோது நிமிரும். பேந்து ஒண்டு. தூரத்திலை றெயின் சத்தம் கரைஞ்சு போகும். யன்னல் வெயில் பித்தளையிலை ஊறி, அறையே தேன் நிறமாகும். கடையுமில்லை, கடைக்காரனுமில்லை. ஆள் தண்ணிக்கடியிலை நடக்கிற மாதிரி மிதந்துகொண்டிருப்பார்.

போன கிழமை சிவரஞ்சினி அந்த வாசல்லை வந்து நிண்டா.

"இஞ்சாருங்கோ, பெரிய ஃபிரீசர் ஒண்டு வைக்க எனக்கு இந்த இடம் வேணும். உந்த மிசின் மெய்யா மிச்சம் பிடிக்குதெண்டா இருக்கட்டும். இல்லையெண்டா வித்துப்போடுங்கோ. ஞாயிறு கிளப்பிலை கேட்டுக்கொண்டு வந்து சொல்லுங்கோ."

கிளப்பிலை பழந்தின்று கொட்டை போட்ட பிரெஞ்சுக் கிழவர் மார்செலைக் கேட்டார். மார்செல் சொண்டைக் குவிச்சு, "புஃப்!" எண்டு ஊதினார். "மொன்சியூர் கலே, ஒரு ரவை மலிவுதான். ஆனா மிசின் வாங்க முந்தி மாதத்திலை ஒருக்கா வந்தீர். இப்ப கிழமைக்குக் கிழமை நிக்கிறீர்! நான் மிச்சம் பிடிச்சுப் பிடிச்சே ஓட்டாண்டியானவன்."

கலைமாறன் றெயின் யன்னல்லை தலையைச் சாய்ச்சுக்கொண்டு வந்தார். தேன் வெயில் அறைக்குள்ளை வெள்ளை ஃபிரீசர் ஒண்டு நிக்கிறது கண்ணுக்குள்ளை வந்து வந்து போச்சு.

கதவைத் திறந்தா மிளகாய் வறுத்த நெடி. மேல்வீட்டு மதாம் இருமுறது கீழை வரைக்கும் கேக்குது. சிவரஞ்சினி தூளுக்கு வறுத்துக்கொண்டு நிண்டா.

"என்ன, மிச்சமோ?"

"இல்லை, ரஞ்சி. ரவை மலிவு. நான்தான் கூடச் சுடுறன்."

"அப்ப விக்கிறதுதானே."

"விக்கிறன்." அவர் தும்மினார். கண் சிவந்துபோச்சு. "ஏன் இப்பிடிப் புகைக்குள்ளை நிக்கிறீர்? எங்கடை கடையிலையே தூள் பைக்கற் கிடக்கு. எனக்கு விலைக்கழிவும் தருவினம். கொண்டு வரட்டோ?"

"கடைத்தூளோ?" சிவரஞ்சினி அகப்பையோடை திரும்பினா. "எவன் வறுத்தானோ, என்னத்தைக் கலந்தானோ! மலிவெண்டாப்போலை? என்ரை கையாலை நான் வறுத்து, அந்த வாசம் வந்தாத்தான் எனக்கு..."

அப்பிடியே நிப்பாட்டினா. மனிசனையும் சின்னறைப் பக்கத்தையும் பாத்தா. அந்தாள் ஒண்டும் விளங்காமல், பைக்கற் கொண்டு வாறதோ விடுறதோ எண்டு மறுமொழிக்குக் காத்துக்கொண்டு நிண்டார்.

மதாம் இன்னொருக்கா இருமினா.

"சின்ன ஃபிரீசரும் இருக்குதாம்" எண்டா சிவரஞ்சினி, மல்லியைச் சட்டிக்குள்ளை கொட்டிக்கொண்டு. "குசினிக் கதவுக்குப் பின்னாலை கொள்ளுமோ எண்டு அளந்து பாருங்கோ."

கலைமாறன் அளக்கிற நாடாவைத் தேடி ஓடினார். கொள்ளாட்டிலும் கொள்ளும் எண்டுதான் சொல்லப்போறார்.