முறுக்கு உடையும் சத்தம்

கோதுமை கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அம்மாவுக்கு நிம்மதிச் சிரிப்பு. "இவ்வளவுதானா? நம்ம வீட்ல சோறு, இட்லி, புட்டு. கோதும யாருக்கு வேணும்?" என்றாள். எனக்கு வேண்டும். எனக்கு மட்டும்தான் வேண்டும்.

எனக்கு ஆட்டிசம் உண்டு. என்னைப் பொறுத்தவரை ருசி அப்புறம்தான். வாயில் அது எப்படி இருக்கிறது என்பதுதான் முதலில். சிவப்பு மட்ட அரிசிச் சோறு பல்லில் பட்டதும் தோல் தனி, குழைவு தனி என்று பிரியும். என் தொண்டை மூடிக்கொள்ளும். இட்லி ஈரப் பஞ்சு. மரவள்ளிக் கப்பையைப் பற்றிப் பேசவே வேண்டாம். மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மசாலாக் கடை வைத்திருக்கும் அப்பா இதைப் பிகு என்பார். பிகு பண்ணுகிறவன் குமட்டி அழமாட்டான்.

சிறுவயது முதல் என்னை வளர்த்தவை ரஸ்க்கும், மொறுமொறுவென்று சுட்ட சப்பாத்தியும், பொறோட்டாவின் கருகிய மேல் அடுக்கும்தான். குடலைப் புண்ணாக்கியதும் அவைதான். நோய்க்கு சீலியாக் என்று பெயர். வாய் ஏற்பதைக் குடல் ஏற்காது, குடல் ஏற்பதை வாய் ஏற்காது. நடுவில் நான் மெலிந்துகொண்டே போனேன். காக்கநாட்டு அலுவலகத்துக்கு பஸ்ஸில் நின்றுபோகத் தெம்பில்லாமல், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன்.

அப்போது கைகொடுத்தது அம்மாவின் அரிசி முறுக்கு. வாயில் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். மூன்று வேளையும் அதுதான். கூட முறுகப் பொரித்த நெத்திலி. அம்மா கோதுமை மாவை வீட்டைவிட்டே அனுப்பினாள். வாணலியும் முறுக்கு அச்சும் புதிதாக வாங்கினாள். உடைக்கும்போது சத்தம் சரியில்லை என்று நான் ஒன்றை ஒதுக்கினால் மட்டும் கேலி செய்வாள்: "முறுக்க வாயால தின்னுடா, காதால இல்ல."

மாதங்கள் போயும் எடை ஏறவில்லை. ரத்தப் பரிசோதனையும் தேறவில்லை. வெளியில் எங்கோ கோதுமை சாப்பிடுகிறார் என்று டாக்டர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா என் பையைத் துழாவினாள். "அந்தச் சேட்டன் கடையில பொறோட்டா தின்னியா? சத்தியமா சொல்லு, நான் திட்டமாட்டேன்."

"இல்லம்மா."

"பின்ன எப்படிடா ஒடம்பு தேறாம இருக்கும்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், நீங்கள் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டு மானத்தை வாங்கியவன் நான். அது அம்மாவைவிட யாருக்குத் தெரியும்? அவ்வளவு பசியிலும் வராத அழுகை அன்று வந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில், முறுக்கில் என்னென்ன போடுகிறீர்கள் என்று உணவு ஆலோசகர் கேட்டார். அம்மா பெருமையாகவே சொன்னாள்: "அரிசி மாவு, உளுந்து மாவு, ஜீரகம், உப்பு. வாயு பிடிக்காம இருக்கப் பெருங்காயம். எங்க கடைச் சரக்கு." ஆலோசகர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்றார்.

எந்தப் பாக்கெட்டையும் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவன் நான். பெருங்காயத்தை அம்மா எப்போதும் எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவைப்பாள். அதில் படிக்க எதுவும் இல்லை. அப்பா கடையிலிருந்து ஒரு புது டப்பாவைக் கொண்டுவந்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் மைதா என்று இருந்தது. வாழ்நாள் முழுக்க விற்ற சாமான். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"என் கையாலயே போட்டுக் குடுத்திருக்கேன். குடுத்துட்டு உன்னத் திருடனாட்டம் கேட்டேனே" என்றாள் அம்மா. பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது.

மறுநாள் பெருங்காயம் போடாமல் பிழிந்தாள். முதல் ஈடு ஆறியதும் தட்டை நீட்டுவாள் என்று அடுக்களை வாசலில் நின்றேன். நீட்டவில்லை. ஒரு முறுக்கை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் காதருகே வைத்து உடைத்தாள். இன்னொன்றை உடைத்தாள். அதைத் தள்ளி வைத்தாள்.

"இது நமுத்த சத்தம். இரு, அடுத்த ஈடு வரட்டும்."

நானும் அதைத்தான் ஒதுக்கியிருப்பேன்.