குளிர் ஆறாத போத்தல்

சென்ற ஆண்டு மாசி மாதம். கொக்குவிலில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கும் சின்ன ஆய்வுகூடத்தில் நான் உதவியாளன். பத்தாம் வகுப்போடு நின்றவன். கண் பார்த்ததைக் கை செய்யும், அதுதான் என் படிப்பு.

அங்கே நான் தங்கச்சி என்று கூப்பிடும் ஆய்வு மாணவி ஒருவர், பண்டத்தரிப்புத் தோட்டங்களில் இலை சுருண்டு சாகிற வெங்காயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோய்ப்பட்ட செடி மூன்று, நல்ல செடி மூன்று. இலையின் புரதத்தைப் பெப்தைட்டு என்கிற சிறு துண்டுகளாக்கி, செடிக்கு ஒன்றாக இரசாயன அடையாளம் ஒட்ட வேண்டும். பிறகு ஆறையும் கலந்து வெளிநாட்டுக்கு அனுப்பினாலும், துண்டுகளின் திணிவை அளக்கும் கருவி எது எந்தச் செடியினுடையது என்று சொல்லிவிடும். மாட்டுக்குக் குறி சுடுகிற மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். நாலு மாதம் கடிதம் எழுதி அலைந்து வாங்கிய அடையாளம், ஆறே ஆறு சிறு போத்தல் தூள். அவருடைய பட்டமே அதற்குள்தான்.

அன்று ஒன்பது மணிக்குக் கரண்ட் நிற்கும் என்று அறிவித்திருந்தார்கள். எட்டரைக்கு அவருக்கு ஃபோன் வந்தது.

"அண்ணை, ஃபிரீசராலை போத்தலுகளை எடுத்து வையுங்கோ. அரை மணித்தியாலம் திறக்காதேங்கோ, குளிர் ஆறட்டும்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

எனக்கோ ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது வாய்ப்பாடம். கரண்ட் போனால், அடையாளத்தைப் பெப்தைட்டோடு சேர்த்துக் குலுக்கும் இயந்திரம் நிற்குமே! முதல் போத்தலைத் திறந்துவைத்து, கரைக்கிற திரவத்தை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் போத்தல் உள்ளும் புறமும் வியர்த்துவிட்டது. தூள் பிசுபிசுத்து அடியில் ஒட்டிக் கிடந்தது.

"திறந்து போட்டியளோ அண்ணை?"

"ஓம்... கரண்ட் போகப்போகுதெண்டு..."

"ஈரம் பட்டா அது பெப்தைட்டிலை ஒட்டாது. தண்ணியோடையே தன்ரை வேலையை முடிச்சிடும்."

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப்..." என்று இழுத்தேன்.

"உங்கடை பழமொழிக்கும் ஒரு மூடி போட்டு வைச்சிருக்கலாம் அண்ணை. ஆறு செடிக்கு ஐஞ்சு போத்தல், இனி என்ன செய்யிறது?"

எரிச்சலிலும் எரிச்சல், அன்று கரண்ட் போகவேயில்லை! மின்விசிறி பகல் முழுக்க என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்து செடி போதாது, எல்லாவற்றையும் திரும்பச் செய் என்று அவருடைய பேராசிரியர் ஃபோனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. யார் திறந்தது என்றும் கேட்டிருப்பார் போல.

"எங்கடை பிழை, சேர்" என்றார் தங்கச்சி.

எனக்கு நாலு ஏச்சு விழுந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். "எங்கடை" என்றாரே, அதுதான் தாங்கவில்லை.

அடுத்த போகத்து வெங்காயம் வந்தது. புதுப் போத்தல்களும் வந்தன. அவற்றை மேசையில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றேன்.

"என்ன அண்ணை, அடைகாக்கிறியளோ?" என்று சிரித்தார்.

பாழாய்ப்போன கரண்ட் அன்றைக்குத்தான் போனது. ஒரு மணித்தியாலம் கையாலேயே குலுக்கினேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அரை மணித்தியாலம் பொறுக்காத எனக்காக ஒரு போகம் முழுக்கப் பொறுத்த தங்கச்சியை நினைத்தால், வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து சோடாப் போத்தலை எடுக்கும்போதுகூட, மூடியைத் திருக இன்றும் என் கை வெட்கப்படுகிறது.