பந்தும் தக்காளியும்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் காட்டுவேன். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அதுகள் எழுந்து ஓடிவிடும் என்பதால், படத்தைப் பார்த்தே கதை சொல்லிவிடுவேன். ஆனால், "நேத்துதான் முழுசாப் படிச்சேன்" என்று பெருமையடித்துக்கொள்வேன்.

அன்று படத்தில் ஒரு கரடி. சாலையெல்லாம் சிவப்புச் சிவப்பாக உருண்டைகள் சிதறிக் கிடந்தன. "வெல இல்லைன்னு கரடி தக்காளிய ரோட்டுல கொட்டிட்டுப் போவுது" என்றேன்.

மூன்றாம் வகுப்பு தர்ஷினி எட்டிப் பார்த்தாள். "ஆயா, பந்துன்னு போட்டிருக்குதுங்க."

"நேத்துப் பொறந்தவ எனக்குச் சொல்றியா? போடி!" என்று விரட்டினேன். அழுதுகொண்டே போனாள்.

பிறகு தனியாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டினேன். பந்துதான்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. நானே அவள் வீட்டுக்குப் போனேன். "நான் படிக்கவே இல்ல கண்ணு. படம் பாத்துத்தான் சொன்னேன். நீ சொன்னதுதான் சரி."

"தெரியுமுங்க ஆயா" என்று சிரித்தாள். "பந்துக் கதைய நான் படிக்கறேன். தக்காளிக் கதைய நீங்க சொல்லுங்க. இந்தத் தடவ கரடிக்கு நல்ல வெல கெடைக்கோணும்."

தெரியாது என்று சொல்ல எனக்கு அறுபத்தெட்டு வயதானது. சொன்ன பிறகும் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது.