கதவில் விழுந்த வெட்டு

சேத்தூரில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே வெட்டிக் கொன்றுவிட்டார்கள். முதல் வெட்டு தவறிக் கதவில் விழுந்திருந்தது. ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த என்னை, அதைப் படமெடுக்க அழைத்தார் இன்ஸ்பெக்டர். ரத்தம் காயாத வாசலில் நின்று, கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். நேர் வெளிச்சத்தில் வெறும் கோடுதான் தெரிந்தது. அதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"இதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்?" என்று எரிந்து விழுந்தார்.

"செத்த நேரம் சும்மா இருங்கய்யா" என்றேன்.

முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, கதவை ஒட்டிப் பக்கவாட்டில் பாய்ச்சினேன். வெட்டுக்குள் இரண்டு மெல்லிய மேடுகள் நிழலோடு எழுந்து நின்றன. அருவாளின் வெட்டும் வாய் எங்கே உடைந்திருக்கிறதோ, அங்கே மரம் அறுபடாமல் மேடாக நிற்கும். நிழலின் நீளமே மேட்டின் உயரத்தைச் சொல்லிவிடும். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்தேன்.

எடுத்துவிட்டு மேடுகளை மறுபடியும் பார்த்தேன். ஒரு பெரிய மேடு, அதை ஒட்டி ஒரு சிறியது. போன கோயில் கொடையில், கிடாயின் தொடை எலும்பில் ஓங்கிப் போட்டு ஓர் அருவாளின் வாயை இப்படியே உடைத்தவன் நான்தான். கொலை நடந்த அன்று காலை நான் ஸ்டுடியோவுக்குக் கிளம்பும்போது, அந்த வாய்க்கால் பாசனத்தில் எங்கள் வயலைப் பார்க்கும் என் தம்பி அதே அருவாளைச் சாணைக்கல்லில் மாங்கு மாங்கென்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எவன் அருவான்னு தெரியலையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க வீட்டு அருவாதான்யா. வெட்டுனவனும் வீட்டுலதான் இருக்கான்."