டாக்டர் படம் ஒட்டிய டானிக்

பால் குடிக்கும்போது என் ஆறு மாத மகளுக்கு உதடு நீலமாகும். இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கடலூரில் முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று இதயப் பிரிவு தொடங்கிய பெண் டாக்டரின் படம் ஒட்டிய டானிக்கை, சிதம்பரத்தில் ஒருவர் விற்றார். "அவுங்களே சொன்ன மருந்து. ஆபரேஷனே வேணாம்" என்றார். நம்பி மூன்று வாரம் கொடுத்தேன்.

குழந்தை மூச்சுத் திணறியதும் கடலூருக்கு ஓடினேன். அந்த டாக்டரிடமே பாட்டிலை நீட்டினேன். தன் படத்தைப் பார்த்து முகம் சுளித்தவர், "நான் இத யாருக்கும் சொன்னதே இல்லம்மா. மூணு வாரத்த வீணாக்கிட்டியே" என்றார். மறுநாளே அறுவை சிகிச்சை செய்து மகளைக் காப்பாற்றினார்.

பிறகு அந்த வியாபாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இன்னொரு தாயிடம் அதே பாட்டிலைக் கொடுத்துக்கொண்டே, "ஒங்க புள்ளதான் பொழச்சிருச்சே" என்று சிரித்தார். அந்தத் தாயைக் கையோடு கடலூருக்கு அழைத்துப் போனேன். போலீசிலும் புகார் கொடுத்தேன். இப்போதெல்லாம் யார் படம் இருந்தாலும், டாக்டரை நேரில் கேட்காமல் பிள்ளைக்கு ஒரு சொட்டு மருந்தும் கொடுப்பதில்லை.