ஏறியாச்சு

இதுல ஒரு வரிகூட நான் சேர்த்துச் சொல்லலை. குறைச்சு வேணா சொல்லியிருப்பேன், ஏன்னா தப்பு முழுக்க என் பக்கம். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். என் வீட்டுக்காரரே பாதிதான் நம்பறார்.

நாங்க மூணு பேர் மலைக்குப் போனோம். நான், அவர், அவரோட அக்கா. எனக்கு நாத்தனார், நான் அண்ணின்னு கூப்பிடுவேன். தாய் இல்லாத தம்பியை இடுப்புல தூக்கி வளர்த்தவங்க. அதனால இவருக்கு அக்கான்னா உயிர். எனக்கு... சரி, அதைச் சொல்லத்தானே வந்திருக்கேன்.

தனி வேன், ரெண்டு நாள். வண்டியை ஓட்டறதும் இடங்களைப் பத்திச் சொல்றதும் ஒரே ஆள். பழைய பாலம், குகைச் சிற்பம், எந்த ராஜா எந்தப் பாறையில உக்காந்து அழுதான்னு வாய் ஓயாம பேசிக்கிட்டே வருவார். நாங்க அவருக்கு ரேடியோ அண்ணன்னு பேர் வச்சோம்.

அவர்கிட்ட ஒரு வினோதமான பழக்கம். ஒவ்வொரு இடத்துலயும் கிளம்பறதுக்கு முன்னாடி, "எல்லாரும் ஏறியாச்சா?"ன்னு கேப்பார். "ஏறியாச்சு"ன்னு சொன்னா வண்டியை எடுக்க மாட்டார்.

"ஏறியாச்சுன்னா யாரு ஏறினா? அந்த வார்த்தையில ஆளே இல்லையே மேடம். 'நான் ஏறிட்டேன்'னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

நான் பல் டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷன்ல இருக்கேன். யாரு உள்ளே, யாரு வெளியேன்னு பாக்கறதுதான் நாள் முழுக்க என் பொழப்பு. எனக்கே பாடம் எடுக்கறாரேன்னு சிரிச்சேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும், "நான், என் தொப்பை, ரெண்டு பேரும் ஏறிட்டோம்"னு சொல்வார். அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சதும் இருமுவாங்க. அவங்களுக்கு ஆஸ்துமா. மூச்சு மருந்து அடிக்கற பம்ப் எப்பவும் கைப்பையில இருக்கும்.

ரெண்டாம் நாள் காலையில இன்னொரு விஷயம் நடந்தது. வேன்ல கடைசி சீட் முழுக்க பைகளை அடுக்கி வச்சிருந்தார் ரேடியோ அண்ணன். அண்ணி என் பக்கத்துல உக்காந்து முதல் நாள் பூரா ஏதாவது குறை சொல்லிக்கிட்டே வந்தாங்க. ஜன்னலைத் திறந்தா குளிருது, மூடினா புழுங்குது. நான் பைகளை எல்லாம் நடு சீட்டுக்கு அடியில தள்ளிட்டு, "அண்ணி, நீங்க பின்னாடி தாராளமா காலை நீட்டிக்குங்க"ன்னு தேன் ஒழுகச் சொன்னேன்.

ரேடியோ அண்ணன் முகம் மாறிடுச்சு.

"பின் சீட் வேண்டாமே மேடம்..."

"ஏன், உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அவர் வண்டியைச் சுத்திப் போய் தன் சீட்ல ஏறிக்கிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கோட்டை. மலை உச்சியில பாதி இடிஞ்ச மதில், ஒரு காவல் கோபுரம், வாசல்ல சின்ன டிக்கெட் அறை. வழியெல்லாம் பேசிக்கிட்டு வந்த மனுஷன் அங்கே வாயே திறக்கலை. வண்டியை விட்டு இறங்கவும் இல்லை. "நீங்க பாத்துட்டு வாங்க. மூடுபனி வர்றதுக்குள்ள கிளம்பணும்." அவ்வளவுதான்.

மேல ஏறும்போது அண்ணி கைப்பையை என்கிட்ட நீட்டினாங்க. "பிடி கொஞ்சம், போட்டோ எடுக்கணும்." பிடிச்சேன். கொஞ்ச நேரத்துல நான் செருப்போட ஒரு கல் மேடை மேல ஏறிட்டேனாம். அங்கே நின்ன நாலு பேர் காதுல விழற மாதிரி, "உங்க வீட்டு வளர்ப்பு அப்படி, உன்னைச் சொல்லிக் குத்தமில்லை"ன்னாங்க.

எனக்குச் சுருக்குனு தைச்சிடுச்சு. என்னைத் திட்டுங்க, பரவாயில்லை. எங்க அம்மாவை எதுக்கு இழுக்கணும்?

விறுவிறுன்னு மதிலுக்குப் பின்னாடி போனேன். அங்கே யாரும் இல்லை. கீழே பள்ளத்தாக்கு, பனி பொங்கி மேல வந்துக்கிட்டிருந்தது. அழுகை வேற. வாய்விட்டே சொன்னேன்.

"சனியன். இதை இங்கேயே விட்டுட்டுப் போயிடணும்."

"ம்."

என் தோளுக்குப் பின்னாடி. கதை கேக்கறவங்க சொல்ற 'ம்' மாதிரி, நிதானமா. திரும்பினேன்...

யாரும் இல்லை.

காத்துன்னு நினைச்சுக்கிட்டேன். நேரா வண்டிக்கு வந்து நடு சீட்ல உக்காந்து, முகத்தை கதவுக்கு எதிர்ப் பக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கிட்டேன். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாடியே வந்து டிரைவர் பக்கத்துல உக்காந்திருந்தார். பனி வண்டியைச் சுத்தி அடைச்சுக்கிச்சு.

கொஞ்ச நேரத்துல என் முதுகுக்குப் பின்னாடி ஜில்லுன்னு ஒரு காத்து கடந்து போச்சு. பின் சீட் கிறீச்னு அமுங்கற சத்தம். வளையல் குலுங்கற சத்தம். அப்புறம் இழுவைக் கதவு... கிர்ர்ர்... டப்.

வந்துட்டாங்க மகாராணின்னு நினைச்சேன். திரும்பிப் பாக்கலை. பாத்தா பேசணுமே.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"நானும் தொப்பையும் ஏறிட்டோம்."

நான் கடுப்புல இருந்தேன். "எல்லாம் ஏறியாச்சு, கிளம்புங்க!"

"மேடம்... பின்னாடி இருக்கறவங்க அவங்க வாயால சொல்லட்டும்."

"அவங்க பேசற நிலைமையில இல்லண்ணா. எடுங்க வண்டியை."

பின்னாடியிருந்து வந்தது.

"ம்."

ரேடியோ அண்ணன் கை கியர் மேலயே ஒரு நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் கண்ணாடியை, பின்னாடி பாக்கற கண்ணாடியை, கூரையைப் பாத்து திருப்பி விட்டார். வண்டி நகர்ந்தது. பின்பக்கக் கண்ணாடியில டப்... டப்னு ரெண்டு தட்டு கேட்டுச்சு. ஏதோ மரக்கிளைன்னு விட்டுட்டேன்.

கீழே இறங்க ஆரம்பிச்சோம். வளைவு மேல வளைவு. என் வீட்டுக்காரர் கழுத்துத் தலையணையோட தூங்கிட்டார். வண்டிக்குள்ள சத்தமே இல்லை. உண்மையைச் சொல்றேன், எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்தது. அப்பாடா, வாயை மூடிக்கிட்டு வராங்களே!

கொஞ்ச தூரம் போனதும் மனசு உறுத்துச்சு. வயசானவங்க. ஆயிரம் இருந்தாலும் அவங்க கையால தின்னு வளர்ந்தவரைத்தான் நான் கட்டியிருக்கேன். திரும்பாமலே கேட்டேன்.

"அண்ணி, குளிருதா?"

"ம்."

"என் மேல கோவமா?"

அவங்க கைப்பை என் மடியில இருந்தது. கையை மட்டும் பின்னாடி நீட்டினேன். "இந்தாங்க, உங்க பை."

வாங்கிக்கிட்டாங்க. விரல் என் விரல் மேல பட்டுச்சு. ஐஸ்ல ஊறின மாதிரி இருந்தது, ஈரமா. மறுபடியும் வளையல் சத்தம்.

அப்பதான் தோணுச்சு. அண்ணி வளையல் போட மாட்டாங்களே... மணிக்கட்டு வீங்குதுன்னு கழட்டி வருஷமாகுது.

இன்னொண்ணும் ஓரக்கண்ணால பாத்தேன். என் ஜன்னல் உள்பக்கம் எங்க மூச்சுல மங்கியிருந்தது. பின் சீட் பக்கத்து ஜன்னல் துடைச்ச மாதிரி பளிச்னு இருந்தது.

அங்கே யாரும் மூச்சு விடலை.

அந்த நேரம் பாத்து செல்போனுக்கு சிக்னல் வந்தது. என் வீட்டுக்காரர் போன் டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே போச்சு. அவர் கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பாத்துட்டு சிரிச்சார்.

"என்னக்கா, பின்னாடி உக்காந்துக்கிட்டே எனக்கு இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே?"

அவர் கையில போன் அடிச்சது. பேர் எனக்கும் தெரிஞ்சது. அக்கா.

எடுத்தார். முதல்ல வீஸ்... வீஸ்னு இழுப்பு. அப்புறம் குரல்.

"தம்பி... விட்டுட்டுப் போயிட்டீங்களேடா... பம்ப்... பம்ப் இல்லடா என்கிட்ட..."

கட் ஆயிடுச்சு.

அவர் பின்னாடி திரும்பப் போனார். "திரும்பாதீங்க சார்!" ரேடியோ அண்ணன் கத்தின கத்துல அவர் அப்படியே உறைஞ்சிட்டார். அண்ணன் வண்டியை அந்தக் குறுகல் ரோட்டுல முன்னும் பின்னுமா ஒடிச்சு, மலை மேல திருப்பினார். முகத்துல வேர்வை.

"அண்ணா... பின்னாடி..."

"தெரியும். உங்க அண்ணியும் கூட உக்காந்திருக்காங்கன்னு நினைச்சுட்டேன். ரெண்டு பேரும் முன்னாடியே பாருங்க."

நான் மடியைப் பாத்தேன். காலி. பம்ப் கைப்பையில. கைப்பை பின் சீட்ல.

அதோட மடியில.

மேல போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். போனதும் ஒரு நொடி வீணாக்காம பம்பைக் கொடுத்தாகணும். வேற யாரு எடுப்பா? நான்தானே கொடுத்தேன். நான்தானே ஏறியாச்சுன்னேன்.

கண்ணை இறுக மூடிக்கிட்டேன். கையை நீட்டினேன்.

வார் கையில பட்டுச்சு. இழுத்தேன்.

வரலை.

அது பிடிச்சிருந்தது.

"கொடுங்க... அவங்க செத்துருவாங்க."

பக்கத்துல... ரொம்பப் பக்கத்துல... ஈர மண் வாடை. என் காது மடல்ல குளிர் ஏறுச்சு.

"நான் சொன்னதை எடுத்துக்காதீங்க... கோவத்துல சொன்னேன்... எனக்கு அவங்க வேணும். நிஜமா வேணும்..."

இந்தத் தடவை 'ம்' வரலை.

ரொம்ப நேரம் கழிச்சு, வார் தளர்ந்தது.

கோட்டை வாசல். வண்டி நிக்கறதுக்குள்ள நாங்க குதிச்சு ஓடினோம். பூட்டின டிக்கெட் அறைப் படியில சுருண்டு கிடந்தாங்க அண்ணி. உதடு நீலமா இருந்தது. அவர் தலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டார், நான் பம்பை வாயில வச்சு அழுத்தினேன். ஒரு தடவை. இன்னொரு தடவை. "அக்கா, இழு... இழுக்கா..."ன்னு அவர் குழந்தை மாதிரி அழுதார். நான் வேண்டாத தெய்வமில்லை.

மெல்ல இழுப்பு அடங்குச்சு. கண்ணைத் திறந்தாங்க.

அப்ப வண்டிப் பக்கம் பாத்தேன். ரேடியோ அண்ணன் இழுவைக் கதவைத் திறந்துட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு நின்னார். உள்ளே பாக்கலை. தாழ்ந்த குரல்ல சொன்னார்.

"இறங்கும்மா."

பனியில வளையல் சத்தம் கோட்டைப் பக்கமா நடந்து போச்சு...

அண்ணி பேசின முதல் வார்த்தை என்கிட்டதான்.

"ஏண்டி கதவைச் சாத்தினே?"

"அண்ணி?"

"கதவுகிட்ட வந்துட்டேனே. கால் வைக்கப் போனேன். உள்ளேருந்து ஒரு கை என் முகத்துக்கு நேரா சாத்திடுச்சு. பின்னாடியே ஓடி வந்து கண்ணாடியில தட்டினேன். கேக்கலையா உனக்கு?"

கேட்டுச்சு. மரக்கிளைன்னு நினைச்சேன்.

அப்புறம் அந்தப் பேச்சை அண்ணி எடுக்கவே இல்லை. ஊருக்கு வந்த மறுவாரம், சமையலறையில என் பக்கத்துல நின்னு, "கோவத்துல பண்ணிட்டே. நானும் உங்க அம்மாவைப் பேசியிருக்கக் கூடாது. விடு"ன்னாங்க. நான் செய்யாததை மன்னிச்சுட்டாங்க. மதிலுக்குப் பின்னாடி செஞ்சதை இன்னும் அவங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை.

ரேடியோ அண்ணன் போனே எடுக்கலை. மனசு கேக்காம டிராவல்ஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டேன். அங்கே இருந்த பொண்ணு முதல்ல மழுப்பினா. அப்புறம் கேட்டா.

"பின் சீட்ல யாராவது உக்காந்தீங்களா மேடம்?"

"ஆமா."

"ஐயோ. அதுல அவர் யாரையும் உக்கார விட மாட்டாரே..."

கொஞ்சம் கொஞ்சமா சொன்னா. கல்யாணமான புதுசுல அவர் தன் மனைவியையும் தங்கச்சியையும் அந்தக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். இதே மாதிரி பனி. மனைவி வண்டிகிட்ட வரும்போது, கொஞ்ச தூரம் ஓடி வரட்டும்னு தங்கச்சி விளையாட்டா கதவைச் சாத்திட்டு, "ஏறியாச்சுண்ணா, போலாம்"னு சொல்லியிருக்கா. புதுப்பொண்ணு வண்டி பின்னாடியே ஓடி வந்திருக்கு. முதல் வளைவு பனியில தெரியலை.

பள்ளத்துலேருந்து எடுத்தப்ப கை நிறைய கண்ணாடி வளையல். ஒண்ணுகூட உடையலையாம்.

போனை வச்சதும்தான் எனக்குப் புரிஞ்சது. அவ என்னைப் பயமுறுத்த வரலை. அவளைக் கொன்னது நாத்தனார். மதிலுக்குப் பின்னாடி ஒருத்தி தன் நாத்தனாரைப் பத்தி அழுததைக் கேட்டிருக்கா.

எனக்காகத்தான் சாத்தியிருக்கா.

இப்பல்லாம் யார் மேல கோவம் வந்தாலும், தனியா இருந்தாலும், நான் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்றதில்லை. யாராவது 'ம்' சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு.